அரைப்புள்ளி

யானையை நகர்த்தி வைத்துவிட்டுக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தப் போகையில் செண்பகவல்லியின் வாய் தானாகத் திறந்தது. இன்னும் அரை நொடி போயிருந்தால் அந்தச் சொல் வெளியே விழுந்திருக்கும். அதை ஒரு இருமலாக மாற்றி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டாள். எதிரே இருந்த நிவிதா நிமிரவில்லை. பதினேழு வயதுப் பெண். இரண்டு கைகளாலும் காதுகளை மூடிக்கொண்டு, பலகையைக் கிணற்றுக்குள் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவள் யோசிக்க வேண்டிய நேரம். செண்பகம் நாற்காலியில் சாய்ந்தாள். விருதுநகரில் அந்தக் கல்யாண மண்டபத்தில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தும் மின்விசிறிகளின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. முந்தாநாள் நடந்த கல்யாணத்தின் மல்லிகை வாசம் மேடைப் பக்கத்திலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்ததில் மாப்பிள்ளையின் பெயர் உதிர்ந்துபோய், கார்த்தியாயினி என்று பெண்ணின் பெயர் மட்டும் தனியாக நின்றது. மாநிலப் பெண்கள் சதுரங்க அணிக்கான தேர்வு, கடைசி ரவுண்ட், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே கால் மணி. அணியில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. நிவிதா அரைப்புள்ளி முன்னால் இருந்தாள். இந்த ஆட்டம் டிரா ஆனால் ஆளுக்கு அரைப்புள்ளி, அவள் அணிக்கு, செண்பகம் வீட்டுக்கு. தோற்றாலும் வீட்டுக்குத்தான். ஜெயித்தால் மட்டும் செண்பகம் அணியில், தேசியப் போட்டிக்குப் பத்து நாள் புவனேஸ்வரில். ஆகவே டிராவினால் அவளுக்குச் சல்லிக்காசு பிரயோசனம் இல்லை. போதாததற்குப் பலகையில் ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு ஜெயிக்கிற நிலையில் இருப்பவளும் அவள்தான். எல்லாம் தெரிந்தும் நாக்கு அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டே இருந்தது, சப்பித் தீர்ந்த புளியங்கொட்டையைத் துப்ப மனமில்லாமல் உருட்டுவதுபோல.

டிராவா? எவ்வளவு சின்னச் சொல். அதைச் சொல்லிக் கையை நீட்டினால் எதிராளியின் முகம் மலரும். இரண்டு பேரும் எழுந்து போய் டீ குடிக்கலாம். யாருக்கும் யார் மேலும் மனத்தாங்கல் கிடையாது. முப்பது வருஷத்தில் எத்தனை கைகள் அப்படி மலர்ந்து வந்து அவள் கையைப் பிடித்திருக்கின்றன. போட்டிக்குப் போய்விட்டு வந்தால் அவள் கணவன் பால்வண்ணன் ஜெயிச்சியா என்று கேட்பதில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் டிராவா என்று கேட்டுச் சிரிப்பான். அதில் விஷம் கிடையாது. மகன்கூட ஒருநாள் பரீட்சைத்தாளை நீட்டி, அம்மா, கணக்குல டிரா, என்றான். பார்த்தால் ஐம்பது மதிப்பெண். வீடே சிரித்தது, அவளும்தான். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய், எரியாத அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எதற்கு நின்றோம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அலுவலக அணியோடு சேலத்துக்குப் போனது நினைவுக்கு வந்தது. கோப்பைக்கு அவளுடைய ஒரு ஆட்டம்தான் பாக்கி. மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுடைய மூச்சு கழுத்தில் பட்டது. அவள் டிரா கேட்டாள். எதிராளி, வயதானவர், நம்ப முடியாமல் ஒருமுறை பலகையைப் பார்த்துவிட்டுக் கையைக் கொடுத்தார். திரும்பும்போது ரயிலில் எபனேசர், அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பையன், வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவன், ஒரே ஒரு தடவை கேட்டான். "அக்கா, அது ஜெயிச்ச கேம். ஏன் கேட்டீங்க?" நேரம் இல்லை தம்பி என்றாள். கடிகாரத்தில் பதினாலு நிமிஷம் இருந்தது. அவனும் அதைப் பார்த்திருந்தான். அதற்குப் பிறகு அவன் அதைப்பற்றிப் பேசவேயில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் மறந்திருப்பாள். ரயில் வாஞ்சி மணியாச்சி வரும்வரை அவன் வைத்திருந்த அந்த மரியாதையான மௌனம்தான் முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

மின்விசிறியின் நிழல் பலகைமேல் சுற்றிச் சுற்றி வந்தது. கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மில் குடியிருப்பின் சிமெண்டுத் தரை மாதிரி தெரிந்தது. கோவில்பட்டியில் அந்தத் தரையில்தான் அப்பா சங்கரலிங்கம் பலகையை விரிப்பார். நூற்பாலையில் நேரக்காப்பாளர், தொழிற்சங்க மன்றத்தில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு ஒரு ஆட்டம். நாலு வருஷம் அவள் தோற்றாள், சந்தோஷமாகத் தோற்றாள். பதின்மூன்றாவது வயதில், ஆடிக்காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் குதிரை அவர் ராணியைப் பிடித்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு ராஜாவை மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோலச் சாய்த்தார். "நல்லா ஆடுன பிள்ள" என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போனார். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு முகத்துக்கு இவ்வளவு தண்ணீரா என்று அவள் நினைத்தது இப்போதும் நினைவிருக்கிறது. அடுத்த ஞாயிறு தலைவலி என்றார். அதற்கடுத்த மாதம் மில்லில் வேலைநிறுத்தம். அப்புறம் கண்ணில் புரை. அதன்பின் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூடப் பலகையின் முன்னால் உட்காரவில்லை. அது அவளிடம் தோற்றதனாலா, மில்லை மூடியதனாலா, கண்ணாலா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதெல்லாம் ஒண்ணுமில்ல பிள்ள என்றுதான் சொல்லியிருப்பார். அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அன்றையிலிருந்து ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்த கணத்திலேயே எங்கேயோ குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கத் தொடங்கிவிடும். இப்போதும் கேட்டது. இல்லை, இது மண்டபத்துச் சமையல்கட்டில் யாரோ அண்டா கழுவுகிறார்கள். இல்லை, அதுதான்.

நிவிதா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் போயிருந்தது. செண்பகத்துக்கு லேசாகத் தூக்கம் வருவதுபோல இருந்தது. பயம் வந்தால் அவளுக்கு இப்படித்தான். படபடப்பெல்லாம் வருவதில்லை, கண்ணிமைகள் கனக்கும். கல்லூரியில் பல்கலைக்கழகப் போட்டிக்குப் பேருந்து கிளம்புகிற அன்றைக்கும் இப்படித்தான் இமைகள் கனத்தன. விடுதி வார்டனிடம் காய்ச்சல் என்று சொன்னாள். வார்டன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தபோது உண்மையிலேயே சுட்டது. உடம்பு அவள் கட்சியில் சேர்ந்து பொய்ச்சாட்சி சொன்னது. ஜன்னல் வழியாகப் பேருந்து வேப்பமரத்தைத் தாண்டித் திரும்புவதைப் பார்த்ததும் சுரம் இறங்கி, பசி எடுத்து, இரண்டு தட்டு சேமியா உப்புமா சாப்பிட்டாள். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பதவிக்கான தேர்வு எழுதியபோது கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியும். தெரிந்தும் பேனாவை மூடிவிட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. எல்லோரும் அவள் வீட்டுக்கு வந்து அனுதாபப்பட்டார்கள். பட்சணம் செய்துகொண்டு வந்தார்கள். தோற்ற செண்பகத்தின்மேல் ஊருக்கே பிரியம். அந்தப் பிரியம் மார்கழியில் போர்வை மாதிரி. கால்விரல்வரை இழுத்து மூடிக்கொள்ளலாம். அவளுக்குள் ஒரு குரல் உண்டு. அதட்டாது, மிரட்டாது. பக்கத்து வீட்டு அக்கா மாதிரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பேசும். இன்றைக்கு அது நிவிதாவைப்பற்றிப் பேசியது. பாவம், சின்னப்பொண்ணு. அவ அம்மாவைப் பாத்தியா? காலையில் குழாயடியில் கை கழுவும்போது அந்த அம்மாள் தானாகவே வந்து பேசினாள். தென்காசியிலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பி வந்தார்களாம், தையல் வேலையாம், பிள்ளை நேற்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லையாம். உங்க பேரு என்னங்க என்று கேட்டு, சிரித்து, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப்பழம் எடுத்துக் கொடுத்தாள். மகளுக்கு எதிராக ஆடப்போவது இவள்தான் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. இப்போது மண்டபத்து வாசலில் நின்று தலையை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். உனக்கு வயசு நாப்பத்திரண்டு, நீ போய் என்ன செய்யப்போற, அவளுக்கு வாழ்க்கையே முன்னால கிடக்கு, விட்டுக்கொடுத்தா புண்ணியம், என்றது குரல். நியாயமாகத்தான் இருந்தது. குரல் எப்போதும் நியாயமாகத்தான் பேசும். சேலத்தில் எதிராளி வயதானவர் என்றது. இங்கே எதிராளி சின்னவள் என்கிறது. அப்படியென்றால் யாரைத்தான் ஜெயிக்கலாம்? குரல் அதற்குப் பதில் சொல்லாமல் ஆரஞ்சுப்பழத்தைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

செண்பகம் பலகையைப் பார்த்தாள். வழி ஒன்றுதான், அது பட்டப்பகல்போலத் தெரிந்தது. இடது ஓரத்தில் அவளுடைய உபரிச் சிப்பாய் பாதி தூரம் போய் நின்றது. அது கடைசிவரை போனால் ராணியாகிவிடும். தனியாகப் போகாது, துணைக்கு ராஜா வர வேண்டும். அவளுடைய ராஜாவோ வலது மூலையில், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், காலையிலிருந்து அசையாமல் இருந்தது. அங்கே இருக்கும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே இருக்கும்வரை அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வந்து, பலகையின் அகலத்தில் பெரும்பகுதியை வெட்டவெளியில் கடந்துபோக வேண்டும். ஐந்து கட்டம். போகிற வழியெல்லாம் நிவிதாவின் யானை பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் செக் வைக்கும். விட்டுவிட்டு வந்த சிப்பாய்களில் ஒன்றிரண்டு போய்விடும். போகட்டும். ஐந்தாவது கட்டத்துக்குப் போய்விட்டால் செக் வைக்க இடமிருக்காது. மூன்று தடவை மனதுக்குள் நடந்து பார்த்தாள். மூன்று தடவையும் சரியாக வந்தது. நாலாவது தடவை நடக்கும்போது கட்டங்கள் நீண்டன. வெயில் காய்ந்த ஒரு பொட்டல் வந்தது, செருப்பில்லாத கால், எங்கோ பின்னால் வீட்டுக் கதவு திறந்தே கிடக்க, கணவன் வாசலில் நின்று சாயங்காலம் வந்துருவேல்ல என்று கேட்டான். காலையில் பேருந்து நிலையத்திலும் அப்படித்தான் கேட்டான். வந்துருவேன் என்று சொன்னாளே தவிர, ஜெயித்தால் பத்து நாள் போக வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவன் வேண்டாம் என்பான் என்றா? அவன் அப்படிச் சொல்கிறவன் இல்லை. போயிட்டு வா என்று சொல்லிவிடுவான் என்றுதான். அப்படிச் சொல்லிவிட்டால் பழி போட ஆளில்லை. செண்பகத்துக்குத் தூக்கம் விட்டுப்போயிற்று. அப்பாவும் அப்படித்தானே? முப்பது வருஷமாக அந்தக் குழாய்ச் சத்தத்தைச் சொல்லி, சொல்லி... ஒரு மனுஷன் முகம் கழுவினார். வெக்கையாக இருந்திருக்கும். பிறகு அவர் ஆடவில்லை; மில் மூடிப் பிழைப்பு போனவனுக்கு ஆட்டம் எங்கே ஓடும்? அவர் தலையில் இதைத் தூக்கி வைத்துவிட்டு, அதன் நிழலில் இவள்தானே குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் காரணம் சொல்வதும் ஒரு டிராதான். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. உள்ளங்கால் தரையில் பட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

அப்போது நிவிதா காதுகளிலிருந்து கையை எடுத்தாள். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. தன் யானையை ஒரு கட்டம் நகர்த்தினாள். கடிகாரத்தை அழுத்தாமல், முதல்முறையாக நிமிர்ந்து செண்பகத்தைப் பார்த்தாள். சின்ன மூக்கு, அதன் நுனியில் வியர்வை. "டிராவா ஆன்ட்டி?" என்றாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். அந்தச் சொல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்று செண்பகம் எதிர்பார்க்கவில்லை. இனி இவள் கேட்கக்கூட வேண்டாம். கையை நீட்டினால் போதும். பேசாமல் இருந்தாலே கை தானாகப் போய்விடும்போல இருந்தது. வலது கை மேசைமேல் கொஞ்சம் நகரவும் செய்தது. நிவிதாவின் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. வாசலில் அந்த அம்மாள் நுனிக்காலில் எழும்பி நின்றாள். குழாய்த் தண்ணீர் ஓடியது. ஓடட்டும் என்று செண்பகம் நினைத்தாள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. நெஞ்சுக்குழியில் அது நன்றாகவே இருந்தது. அது இருக்கும்போதே ஒரு காரியம் செய்ய முடியும் என்பது மட்டும் ஏனோ அந்த நேரத்தில் சாதாரண விஷயமாகத் தெரிந்தது, மழை தூறும்போதே கடைக்குப் போய் வருவதில்லையா, அதுபோல. மேசைமேல் நகர்ந்த கையை இழுத்துக்கொண்டாள். "இல்லம்மா. ஆடுவோம்." நிவிதாவின் முகம் சுருங்கியது. செண்பகம் அதைப் பார்த்தாள், பார்வையை விலக்கவில்லை. பிறகு ராஜாவை மூலையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள்.

அதற்கப்புறம் ஐம்பது நிமிஷம் ஆடினார்கள். அவள் நினைத்த மாதிரியே எல்லாம் நடக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் ஒரு செக்கைத் தவறாகக் கணக்குப்போட்டு, திரும்பி வந்து, வேறு வழியாகப் போக வேண்டியிருந்தது. பின்னால் விட்ட சிப்பாய்களில் இரண்டு போயின. ஒரு நேரம் தோற்றுவிடுவோம் என்றே தோன்றியது. அவசரமாக வைத்ததில் யானை கட்டத்தின் கோட்டில் விழுந்தது. ஆனாலும் ராஜா போய்ச் சேர்ந்தது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு அடி இருக்கையில் நிவிதா கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. பெண்ணின் கண்ணில் நீர் நிறைந்து, விழாமல் நின்றது. நகர்வுகளைக் குறித்த தாளில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. செண்பகத்துக்கு அந்தக் கையைத் தடவிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. தடவவில்லை. தன் தாளில் தன் பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதினாள். நடுவர் ஜெயசிங் வந்து இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பதினெட்டாம் தேதி கிளம்ப வேண்டும், பத்து நாள், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களாம்மா, பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள், என்றார். "வீட்ல சொல்லிக்கிறேன் சார். நீங்க எழுதிக்கோங்க" என்றாள்.

மண்டபத்துப் படியில் நிவிதாவின் அம்மா மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். செண்பகம் இறங்கி வருவதைப் பார்த்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது குத்தியது. குத்தத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றாள். ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லக் கால் எழும்பியது; அதை அப்படியே படியில் ஊன்றிக்கொண்டாள். அம்மாவும் மகளும் கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு நிவிதா மட்டும் திரும்பி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, எல்லாரும் சொன்னாங்க, நீங்க யார் கேட்டாலும் டிரா குடுத்துருவீங்கன்னு. அதான் கேட்டேன். ஏன் வேண்டாம்னீங்க?"

செண்பகம் யோசித்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாம் நீளமாக இருந்தது.

"ஜெயிக்கணும்போல இருந்துச்சு."

நிவிதா தலையை ஆட்டினாள், அது போதுமான பதில் என்பதுபோல. போகத் திரும்பியவள் நின்று, "அடுத்த வருஷம் நான் விடமாட்டேன்" என்றாள்.

"விடாத பிள்ள" என்றாள் செண்பகம்.

பெண் ஓடிப்போய் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் வாழையிலையைத் தண்ணீர் தெளித்து விரித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகத்துக்கு நன்றாகப் பசித்தது. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கி நடந்தாள்.